தலை துவட்டும் நேரம்

அவசர அவசரமாகச் சட்டை மாட்டிக்கொள்கிறவர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை. பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறவன் ஃபைலையும் மாற்றித்தான் வைப்பான். இருபத்திரண்டு வருடமாக ஓர் ஆபீசில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிற எழுத்தர் நான். இந்த அபிப்பிராயத்துக்கு என்னிடம் அலமாரி அலமாரியாக ஆதாரம் இருக்கிறது. குளித்தால் தலையை மூன்று தடவை துவட்டுவேன். காதுமடல், கழுத்தின் பின்புறம், கால்விரல் இடுக்கு என்று ஒரு இடத்திலும் ஈரம் நிற்கக் கூடாது. பிறகு பவுடர், பனியன், விபூதி, சீப்பு, இஸ்திரி போட்ட சட்டை. கண்ணாடியில் ஒருமுறை முன்பக்கம், ஒருமுறை பின்பக்கம். இதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது என்று வீட்டில் சொல்வார்கள். நான் கடிகாரம் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் என் அம்மாவுக்கு அவளுடைய ஒரே தம்பியை இல்லாமல் ஆக்கிவிட்டது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மாமா தன் மகளுக்குத் திருவேங்கடத்தில் கல்யாணம் வைத்தார். எங்கள் வகையில் பெண்ணின் அத்தைதான் மணவறையில் முதல் விளக்கை ஏற்ற வேண்டும். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. அம்மா விடியுமுன்பே பட்டுச்சேலை கட்டி, செருப்பையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. உள்ளே நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஒரு கை மடிப்போடும் ஒரு கை சுருக்கத்தோடும் ஒரு மனிதன் எப்படிக் கல்யாணத்துக்குப் போவான்? கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தில் நாங்கள் இறங்கியபோது தாலி கட்டி முடிந்து இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. விளக்கை மாப்பிள்ளை வீட்டுப் பெண் யாரோ ஏற்றியிருந்தாள்.

மாமா என் சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சட்ட," என்றார். பிறகு அம்மாவிடம், "நீ வராமலே கல்யாணம் நடந்துட்டு. இனிமே நீங்க வெளியாளு. ஒண்ணுக்கும் வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, யாருக்கோ பாயசம் போதுமா என்று கேட்கப் போய்விட்டார்.

அதோடு பேச்சு முறிந்தது. மாமா இருப்பது கரிவலத்தில். எங்கள் சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. பதினோரு வருடம் அந்த அரை மணி நேரத்தை யாரும் கடக்கவில்லை. ஒருதடவை நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் குளித்துக் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் மாமா தன் மகளுடைய ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார். அம்மா என்னைத் திட்டியதே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் தம்பி பிறந்தவீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டுவருவானோ என்று தெருமுனையைப் பார்ப்பாள். வராது என்று தெரிந்ததும், "நான் செத்தாலும் நீ இஸ்திரி போட்டுட்டுத்தாம்ல கொள்ளி வைக்க வருவ," என்பாள். அவ்வளவுதான். அவளுக்கு எழுபத்துநான்கு வயது. அவள் கண்ணை மூடுவதற்குள் மாமா ஒருமுறை எங்கள் வாசலேறி வந்துவிட வேண்டும். எனக்கிருந்த ஒரே கவலை அது.

இந்தக் கதைக்குள் டிரையத்லான் வந்தது என் சர்க்கரையால். ஆபீசில் பக்கத்து மேசைக்காரர், முப்பது வயது இருக்கும், வருடத்துக்கு இரண்டு பந்தயம் ஓடுகிறவர். என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த நாளிலிருந்து என்னைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தூத்துக்குடியில் ஒரு சின்னப் பந்தயம் வருகிறது. கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்.

"கிணத்துல நீந்துவிய. ஆபீசுக்குச் சைக்கிள்லதான் வாரிய. ஓட்டம் மட்டுந்தான அண்ணாச்சி பழகணும்," என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசிக்க எடுக்கும் காலம் அவருக்குத் தெரியும். அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டார்.

விதிகளை வாசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தண்ணீரிலிருந்து ஏறிச் சைக்கிளைத் தொடும்வரைக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்குமாம்.

"உடை மாற்றும்போதுகூடவா?" என்றேன்.

"அதுக்குப் பேரே டிரான்சிஷன் அண்ணாச்சி. நீச்சல், சைக்கிள், ஓட்டம், அப்புறம் அது நாலாவது விளையாட்டு."

என்னை மனதில் வைத்து எவனோ எழுதிய விதி என்று தோன்றியது. வீட்டில் சொன்னேன். என் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. குளியலறையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் பதினோரு நிமிடத்தில் போய்ச் சேர்கிற பெண். விக்கல் வரும்வரை சிரித்தாள். "உலகத்துல இத்தன பந்தயம் இருக்கையில, சட்ட மாத்துத பந்தயத்துலயா போய்ப் பேரு குடுத்திய?"

விலகிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று சாயங்காலம் அம்மா வாசலில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல்கூட இல்லை, சும்மாதான் பார்த்தாள். அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. இந்த மாற்றத்தைப் பழகி, மாமா முன்னால் போய் நின்று, "இப்போதெல்லாம் எனக்கு நாலு நிமிடம்தான் ஆகிறது" என்று சொல்ல வேண்டும். இது என்ன வகை மன்னிப்பு என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது பெரிய திட்டமாகத் தெரிந்தது.

பயிற்சி மொட்டை மாடியில். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வேன், அதுதான் கடல். அங்கிருந்து ஓடிவந்து, பழைய பெட்ஷீட்டில் வரிசையாக வைத்திருக்கும் சாமான்களை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தொட வேண்டும். சைக்கிளை மாடிக்கு ஏற்ற முடியாததால் அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மனைவி போனில் நேரம் பார்த்தாள். முதல் நாள் பதினான்கு நிமிடம்.

"பனியன் எதுக்கு?" என்றாள்.

"பனியன் போடாமல் ரோட்டில் எப்படிப் போவது?"

"பவுடரு?"

பவுடரை நான் விடவில்லை. வழக்கு ஆபீஸ்வரைக்கும் போனது. ஷூவுக்குள் பவுடர் தூவி வைத்தால் ஈரக்கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், பெரிய வீரர்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்று பக்கத்து மேசைக்காரர் தீர்ப்புச் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் வீட்டில் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தேன். அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் தோல்விதான். விபூதி போயிற்று, சீப்பு போயிற்று, சாக்ஸ் போயிற்று. ஷூவின் லேசை உருவிவிட்டு எலாஸ்டிக் கோத்தார்கள். நெஞ்சில் நம்பரை ஊக்கால் குத்த நேரமாகும் என்று, ஒரு பாவாடை நாடாவில் அதைக் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள் என் மனைவி. ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம் என்று விதி. அது மறந்துவிடக் கூடாதே என்று ஒருநாள் முன்கூட்டியே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கி ஊற்றினேன். எதிர் மாடியில் துணி காயப்போட வந்தவர் துணியை அப்படியே கூடையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இரண்டு மாதத்தில் ஐந்து நிமிடத்துக்கு வந்துவிட்டேன். மிச்சம் இருந்தது தலை துவட்டுவதுதான். மூன்று தடவையை ஒரு தடவையாகக் குறைத்தும் அது ஒரு நிமிடத்தைத் தின்றது. துவட்டவே வேண்டாம் என்றாள் மனைவி. கீழேயிருந்து அம்மா, "தலையைத் துவட்டாமக் காத்துல போனா நீர் கோத்துக்கும்ல," என்றாள். ஈரத்தலையால் வந்த சளியும் காய்ச்சலும் பற்றி அம்மாவிடம் எங்கள் குடும்பத்தின் முழு வரலாறும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, துவட்டவும் இல்லாமல் கீழே போடவும் இல்லாமல் நின்றதில் தனியாக ஒரு நிமிடம் போனது.

வாளி போதாது, நிஜத் தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். ஊருக்குத் தெற்கே, தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு இருக்கிறது. திட்டம் இதுதான்: கிணற்றில் நீந்திவிட்டு ஏறி, வரப்பில் நிற்கும் சைக்கிளை எடுத்து, ஊருக்குள் புகுந்து, வடக்கே கரிவலம்வரை போய்த் திரும்பி, வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட்டம். மனைவி மூன்று கட்டளை போட்டாள். தலை துவட்டக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருத்தருக்கு வணக்கம் சொன்னால் எனக்கு நாலு நிமிடம் போகும் என்பது அவள் அனுபவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படியே செய்தேன். அதற்கு முந்தின நாள் மழை பெய்திருந்தது. கிணற்றிலிருந்து ஏறி ஓடிய பத்தே அடியில் கரிசல் மண் இரண்டு காலிலும் தோசைக்கல் கனத்துக்கு அப்பிக்கொண்டது. பவுடர் போட்ட ஷூவுக்குள் அந்தக் காலை நுழைக்க முடியவில்லை. ஷூவை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மிதித்தேன். நீச்சல் கண்ணாடி போடாததால் கண் இரண்டும் சிவந்து எரிந்தது. டீக்கடை முக்கில் அண்ணாச்சி, "என்னவே, என்ன இது?" என்று கேட்டார். நான் பேசவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. என் கட்டுப்பாட்டை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம், ஈரத்துணியோடு, வெறுங்காலோடு, தலை துவட்டாமல், கண் சிவந்து, யாரோடும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் ஒருவன் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கொள்ளி வைத்துவிட்டுக் குளித்து வருகிறான். போதாததற்கு அந்தக் கிணற்று ரோட்டில்தான் சுடுகாடும் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடை அண்ணாச்சி பிறகு அவரே எனக்கு விளக்கிச் சொன்னார். அம்மாவை அவர் நாலு நாளாகக் கோயில் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கு முட்டுவலி, அது அவருக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லாமல் வெள்ளனவே எடுத்துவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார். யார் தூக்கியது என்று ஒருவர் சந்தேகம் கேட்டிருக்கிறார். இப்போதுதான் அமரர் ஊர்தி இருக்கிறதே என்று இன்னொருவர் தீர்த்து வைத்திருக்கிறார். "எல்லாத்துக்கும் பிந்தி வாரவன், இதுல மட்டும் முந்திக்கிட்டான் பாத்தியா," என்று மூன்றாமவர் வருத்தப்பட்டாராம். தெரு வாட்ஸ்அப் குழுவில், ஏதோ கல்யாண போட்டோவிலிருந்து அம்மாவைத் தனியாக வெட்டி, சுற்றிலும் பூ வைத்து, ஓரத்தில் ஒரு விளக்கும் எரியவிட்டு, ஆழ்ந்த இரங்கல் என்று போட்டுவிட்டார்கள்.

நான் அப்போது கரிவலத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியில் ஒரு மொபெட் என்னை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் லுங்கியும் பனியனும் போட்டிருந்தார். கழுத்தில் சலூன்காரரின் வெள்ளைத் துணி கட்டியபடி இருந்தது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. யாரோ மாமா சாயலில் போகிறார் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். அவரும் ரோட்டைத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் இருபது பேர் நின்றார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், மாடியில் எனக்குச் சைக்கிளாக இருந்த அதே நாற்காலியில், அம்மா உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தார்கள். என் பக்கத்து மேசைக்காரர் ஆபீஸ் சார்பில் ரோஜா மாலையோடு வந்திருந்தார். என்னைப் பந்தயத்தில் சேர்த்துவிட்டவருக்குக்கூட இரங்கல் செய்தியைப் பார்த்ததும் பந்தயம் மறந்துபோயிருக்கிறது. மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார்.

"அதை எதுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்க? அந்தச் சைக்கிள்ல போடு," என்றாள் அம்மா. பிறகு மனைவியின் போனை வாங்கி இரங்கலைப் பார்த்தாள். "போட்டோ நல்லாருக்கு. எங்கன எடுத்தது?"

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், காம்பவுண்டுக்கு வெளியே மாமா நின்றார். பாதி மீசை இருந்தது, பாதி இல்லை. அவருக்குச் செய்தி சலூனில் வந்திருக்கிறது. கேட்டதும் எழுந்தவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து மொபெட்டுக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. இரண்டு மாதம் பழகியவன் நான். அவர் பழகாமலே செய்திருந்தார்.

அம்மா அவரைப் பார்த்துவிட்டாள். "மீசைய யாரு இப்படிப் பண்ணா?" என்றாள்.

"செத்துப்போயிட்டன்னு சொன்னானுவ," என்றார் மாமா.

"இன்னும் இல்ல."

"சரி."

அவர் திரும்பப் போனார். அம்மா என் மனைவியிடம், "ஏட்டி, ஒரு காப்பி கொண்டா," என்றாள். மாமா நின்றார். செத்த வீட்டுக்கு வந்தவர் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் போக வேண்டும். காப்பியை வேண்டாம் என்று சொன்னால் அக்கா செத்ததாகத்தான் கணக்கு. குடித்தால் சண்டை என்னாவது? டம்ளரைக் கையில் வாங்கியவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது பேரும் அவரைப் பார்த்தார்கள். கடைசியில் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்திருக்கும்.

"இவன் எதுக்கு இப்படி வந்தான்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"சட்ட மாத்திப் பழகுதான். அதுல பந்தயமாம்," என்றாள் அம்மா.

"யாரு, இவனா?" என்னிடம் திரும்பினார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. "எத்தன நிமிஷம்லே?"

"நாலு, மாமா."

"நாலு," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் காலில் இருந்த கரிசலையும் தலையில் சொட்டிய தண்ணீரையும் பார்த்தார். டம்ளரைத் திண்டில் வைத்தார். "காப்பி குடிச்சதால உறவாயிட்டுன்னு நெனச்சிராதிய. செத்துட்டான்னாவ, வந்தேன். சாவல, போறேன்." வந்தது முதல் போகும்வரை அவர் அம்மாவை அக்கா என்று ஒருதடவைகூடக் கூப்பிடவில்லை. அம்மா அந்த டம்ளரை அன்றைக்குக் கழுவப் போடவே இல்லை. ஜன்னலோரத்தில் வைத்திருந்தாள்.

மறுவாரம் மாமா என் மனைவிக்குப் போன் செய்து, அந்தச் சட்டை மாற்றுகிற பந்தயம் என்றைக்கு என்று கேட்டார். நாளைச் சொன்னாள். "நானும் வாரேன். கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். அன்னைக்கும் அவன் பிந்தினான்னா, சாவு வாழ்வு எதுக்கும் என் வாசலுக்கு வரப்பிடாது," என்று வைத்துவிட்டார். இதைக் கேட்ட அம்மா எனக்குச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே பந்தய உடையைப் போட்டுக்கொண்டு அதிலேயே படுத்தேன். வேன் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால், இடுப்பில் பாவாடை நாடாவும் நம்பருமாக வாசலில் நின்றேன். மாமா வந்தார். மீசை ஒரு பக்கம் இன்னும் முழுதாக வளரவில்லை. என்னைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தூத்துக்குடிவரைக்கும் பின்னால் அம்மாவும் முன்னால் அவரும் டிரைவர் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். ஜன்னலை ஏற்றச் சொல்லு என்பாள் அம்மா. காத்து வரட்டும்னு சொல்லு என்பார் அவர்.

கடலை நான் குறை சொல்ல மாட்டேன். கிணற்றைவிட நல்லபடியாக நடந்துகொண்டது. கடைசி ஆளாக வரவில்லை. எனக்குப் பின்னால் ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன. மணலில் ஏறி, சைக்கிள்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்த இடத்துக்கு ஓடினேன். சுற்றிலும் கயிறு கட்டி, பார்வையாளர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஷூ, ஷூவுக்குள் பவுடர், ஹெல்மெட். துண்டு எடுத்து வரவே இல்லை. ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன்.

"ஏலே, தலையைத் துவட்டுலே." கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா.

"துவட்டாதிய, ஓடுங்க." அம்மாவுக்குப் பக்கத்தில் என் மனைவி.

ஹெல்மெட் தலைக்கும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் நின்றது. மொட்டை மாடியில் நின்ற அதே நிலை. விநாடிகள் போவது எனக்குக் கேட்டது. மாமா கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போயிற்று, இந்தத் தடவையும் போயிற்று என்று நினைத்தேன்.

மாமா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். தோளில் கிடந்த துண்டை உருவினார். "குனில. தலைய நான் பாத்துக்கிடுதேன், நீ ஷூவ மாட்டு. ரெண்டு வேலையும் ஒண்ணா நடக்கட்டும்."

இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. குனிந்தேன். காது வலிக்கிறமாதிரி அழுத்தித் துவட்டினார். எனக்கு நீச்சல் பழக்கியவர் அவர்தான். கரையேறியதும் இப்படித்தான் துவட்டுவார். பவுடர் ஷூவுக்குள் கால் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு அழுகை வந்தது. துண்டுக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

விசில் ஊதிக்கொண்டு ஓர் அதிகாரி வந்தார். "சார், வெளியாள் உதவி பண்ணக் கூடாது. ரூல்."

மாமா துவட்டுவதை நிறுத்தவில்லை. "யாருவே வெளியாளு?"

"போட்டியில இல்லாத எல்லாரும் வெளியாள்தான் சார்."

"நான் தாய்மாமன்வே. இவன் பொறந்தன்னைக்கு நாக்குல சேனை தொட்டு வச்சவன் நான். அந்தா நிக்காளே, அவ மவன். இவனுக்கு நான் வெளியாளா? உம்ம ரூல்ல தாய்மாமன்னு இருக்கா பாரும்."

அதிகாரி நிஜமாகவே கையிலிருந்த தாளைப் புரட்டினார். அப்படி ஒன்றும் இல்லை என்றார். இல்லையென்றால் அது உங்கள் தப்பு என்றார் மாமா. அதிகாரி என் இடுப்பு நாடாவில் இருந்த நம்பரைக் குறித்துக்கொண்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஹெல்மெட்டைப் பூட்டினேன்.

"நிக்காத, போலே," என்றார் மாமா. போனேன்.

இருபது கிலோமீட்டர் சைக்கிளைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. தலை காய்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஓட்டத்தில் கடைசி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். அவர்கள் வைத்திருந்த கெடு நேரத்துக்கு ஆறு நிமிடம் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் முடிவுத் தாளைப் பார்க்கப் போய், முகம் தொங்கித் திரும்பி வந்தார். வெளியாள் உதவி வாங்கியதால் தகுதி நீக்கம். என் பெயருக்கு நேரே நேரமே போடவில்லை என்றார். மாமாவும் பக்கத்தில் நின்று இதைக் கேட்டார்.

அம்மா ஒரு பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரத்துக்கு வந்தேன் என்பதற்கு ஒரு தாள் வேண்டும் என்றுதான் இத்தனை மாதம் வாளியைத் தூக்கினேன். அந்தத் தாளில் எனக்கு மட்டும் நேரம் இல்லை. மாமா எனக்கு முன்னால் போனார். ஈரத்துண்டைப் பிழிந்து உதறி, அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மா என்னிடம் கேட்கவில்லை. அவரிடம்தான் கேட்டாள். "என்ன சொல்லுதாவ? பிந்திட்டானா?"

மாமா துண்டை முழங்காலில் விரித்துப் போட்டு, அதன் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"நேரத்துக்கு வந்துட்டான்க்கா," என்றார்.